கண்ணாடியில் எழுதிய முகவரி

மார்ச் 3
லாரி புக்கிங் ஆபீஸ் வெப்சைட் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர் இன்று முதல் என் கையில். முன்பு பார்த்தவன் சொல்லாமல் ஓடிவிட்டான். "உன்னால முடியுமாய்யா?" என்றார் முதலாளி. ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் வெளியே அனுப்பியது. இந்தப் பெட்டி எம்மாத்திரம்? யார் வந்தாலும், படிவத்தில் என்ன நிரப்பினாலும், ஒரு எழுத்து விடாமல் 'லாக்' என்கிற பதிவுக் கோப்பில் ஏறும்படி செய்துவிட்டேன்.

மார்ச் 5
அக்கா மகள் புருஷனை விட்டு வந்துவிட்டாள். தலையைக் கதவில் மோதியிருக்கிறான் பாவி. காதோரம் தையல். "நான் இருக்கிற இடம் தெரிஞ்சா கொன்னுடுவான் மாமா." என்னைத் தாண்டி ஒரு கொசு வந்துவிடுமா என்றேன். தனியறை பார்த்து, சாமான் ஏற்ற எங்கள் வெப்சைட்டிலேயே வண்டி புக் செய்தாள்.

மார்ச் 6
லாக்கைப் பார்க்க ஆபீசுக்கு ஓட வேண்டுமா? கோப்பைத் தூக்கி வெப்சைட் ஃபோல்டருக்குள்ளேயே போட்டேன். பாஸ்வேர்டு கூட வேண்டாம், போனிலேயே வருகிறது! சலூனில் முகமெல்லாம் சோப்போடு காட்டினேன். "அண்ணே, நான் பாத்தாலும் வருமா?" என்றார் கடைக்காரர். "ஊரே பாக்கலாம்யா!" கண்ணாடியில் சோப்பால் அந்த வெப் முகவரியை எழுதியே கொடுத்தேன்.

மார்ச் 9
அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். இரும்புக் கம்பியால் கதவைப் பிளந்துகொண்டு அவள் புருஷன் வந்தான். முதல் அடி அவள் முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் பாய்ந்து நாலு பேரையும் — ச்சே, நாலு பேர் ஏது? ஒருத்தன்தான். நான் எங்கே அடிச்சேன்? என் முன்பல் ரெண்டும் போச்சு, வாயெல்லாம் ரத்தம். அவள் முடியைப் பிடித்துத் தூக்கி, போனை முகத்துக்கு நேரே நீட்டினான்: "பாருடி, ஒங்க மாமாவோட வித்தை. சலூன் கண்ணாடியிலயே இருந்துச்சு." எங்கள் லாக். அவள் பெயர், தெரு, கதவு எண். மறுபடி கம்பியை ஓங்கினான். பக்கத்து அறைக்காரர்கள் விழுந்து அமுக்காவிட்டால்...

மார்ச் 10
கோப்பை உள்ளே மாற்றிப் பூட்டினேன். முகவரிகள் இனிப் பதியாது. அரை மணி நேர வேலை. அவ்வளவுதான்.

மார்ச் 11
சோறு இறங்கவில்லை. பல் வலி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24
அவன் ஜாமீனில் வந்துவிட்டான். அவள் இன்று இடம் மாறினாள், மாவுக்கட்டுக் கையோடு. நானே வண்டி பேசுகிறேன் என்றேன். "பேசிட்டேன் மாமா. தெருமுனை வரைக்கும் பெட்டியத் தூக்கிட்டு வாங்க, போதும்." தூக்கிப் போய் ஏற்றினேன். எங்கே என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவளே, "கோவிச்சுக்காதீங்க மாமா. வண்டி போற வரைக்கும் அந்தச் சுவரப் பாத்து நில்லுங்க" என்றாள்.

நின்றேன்.