நிரந்தரம் என்று எழுதிய கை

என் பிரிய ரமோன், என் கொம்பாத்ரே,

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு ஓர் எழுத்தும் விளங்காது என்று தெரியும். ஆனால் இங்கிலீஷில் நான் எழுதிய கடிதங்கள் போதும். அவற்றில் ஒன்றுதான் உன்னையும் என்னையும் பிரித்தது. கோபம் வந்தால் சொந்தப் பாஷையில் திட்டவேண்டும், இரவல் பாஷையில் திட்டினால் மனம் ஆறாது என்று நீதானே சொல்வாய்? இன்றைக்கு எனக்குக் கோபம். உன் ஆட்கள் மேல், உன் மேல், எல்லாரையும் விட என் மேல்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிலிக்காரர் கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைத்துவிட்டது. லிட்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பழைய பேக்கரி. நகரசபை நீண்ட குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா நடந்தது. வாசலில் பித்தளைத் தகடு, அதில் உன் பெயர். அந்தக் கட்டடம் வேண்டவே வேண்டாம் என்று கடைசிவரை நின்றவனின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். செத்தவன் எழும்பி வந்து மறுக்கமாட்டான் என்ற துணிச்சல்தான், வேறென்ன?

தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் நாம் சந்தித்த நாள் நினைவிருக்கிறதா? உன் இங்கிலீஷ் பத்துச் சொல். என் கையில் இருந்த ரொட்டித் துண்டைக் காட்டி "பான்" என்றாய். நான் "பாண்" என்றேன். மேசையைத் தட்டினாய், "மேசா". காலைத் தூக்கி ஷூவைக் காட்டினாய், "சப்பாத்தோ". எங்கள் சப்பாத்து! போர்த்துக்கேயர் எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போன சொற்கள் இவை என்று நான் கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு இங்கிலீஷ் பழகியதும் அதையே ஒரு பகிடியாகச் சொல்லித் திரிந்தாய். உன் பேச்சை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் அது உன் பேச்சாகத் தெரிகிறது: "உங்களை அடிச்ச போர்த்துக்கேயனும் எங்களை அடிச்ச ஸ்பானியனும் பக்கத்து வீட்டுக்காரர், செல்வா. அதுதான் நாங்கள் சொந்தக்காரர்."

சொந்தக்காரராகவே ஆக்கியும் விட்டாய். உன் மகள் இசபெல் பிறந்தபோது, சைவக்காரனை ஞானத்தந்தையாக ஏற்க முடியாது என்றார் பாதிரியார். "அப்ப பாதிரியார் தேவையில்லை" என்று சொல்லி, உன் குசினிக் குழாயடியில் பிள்ளையை என் கையில் தந்து, நீயே தலையில் தண்ணீர் வார்த்தாய். அன்றிலிருந்து நீ எனக்கும் நான் உனக்கும் கொம்பாத்ரே. பிள்ளையைப் பெற்றவனும் ஏந்தியவனும் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை அது. தமிழில் அதற்குச் சரியான சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

சிலியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபின் உயிர் தப்பி வந்தவர்கள் நீங்கள். வால்பரைசோ துறைமுகத்தில் நாடக மேடைகளுக்குப் படம் தீட்டியவன், சிட்னியில் நம் தொழிற்சாலையில் பற்றரித் தகடு அச்சில் வார்த்தாய். சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் பின்மண்டபத்தில் பாட்டு, ஆட்டம், நாடகம். உன் துறைமுகத்தை, அந்த மலையையும் தகர வீடுகளையும், ஆறு பலகைகளில் தீட்டினாய். ஒரு பலகைக்கு நாலு நட்டு, விரலாலேயே திருகிக் கழற்றக்கூடிய நட்டு. காலையில் பூட்டுவீர்கள், மாலையில் நீயும் உன் மனைவி லூசியாவும் கழற்றி வான் வண்டியில் ஏற்றுவீர்கள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "ஆணி அடிக்கிறது தங்கப் போறவன்ர வேலை. நாங்கள் போகப் போறம்" என்றாய்.

பிறகு தேவாலயத்தார் மண்டபத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் மழையில் ஆடினார்கள். பேக்கரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கூட்டத்தில் பேசினார்கள். நகரசபை ஒரு நிபந்தனை வைத்திருந்தது: இங்கே நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களின் சங்கம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நீ ஒருவன்தான் மாட்டேன் என்றாய். "அதை எழுதினால் அங்க சிறையில இருக்கிறவைக்கு நாங்கள் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டாய். மற்றவர்கள் விண்ணப்பத்துக்குச் சம்மதம் என்று கையை உயர்த்தினார்கள்.

மறுநாள் செயலாளர் மார்த்தா என் வீட்டுக்கு வந்தாள். "ஒரே ஒரு கடிதம், செல்வா. உங்கட இங்கிலீஷுக்குத்தான் அவங்கள் மரியாதை தருவாங்கள்" என்றாள். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்தவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? எழுதினேன். 'இந்நாட்டில் நிரந்தரமாக வேரூன்றிவிட்ட, தாய்நாடு திரும்பும் எண்ணம் எதுவும் இல்லாத சமூகத்தினர்.' அந்த வரி அவ்வளவு சுகமாக வந்தது, ரமோன். உரத்து ஒருமுறை வாசித்தும் பார்த்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வேலை முடிந்து கார்ட் அடிக்கும் வரிசையில் எனக்கு முன்னால் வந்து நின்றாய். சத்தம் போடவில்லை. "ஊரில இருக்கிற கொம்மாவுக்கு என்னெண்டு எழுதிறனி? 'அடுத்த வருசம் வாறன்' எண்டுதானே? உனக்கு அடுத்த வருசம். எங்களுக்கு மட்டும் நிரந்தரமோ?"

லிட்கமில் வீடு வாங்கி இரண்டு வருடம். அம்மாவுக்கு அதை இன்றுவரை எழுதவில்லை. நீ அதற்குப் பிறகு வேறு மேசையில் இருந்து சாப்பிட்டாய். ஐந்தாவது வாரம் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நீயும் உத்தமன் இல்லை, கேட்டுக்கொள். நாலு வருடமாக லூசியா பயணப் பெட்டிக்குள்ளிருந்துதான் உடுப்பு எடுத்தாள். ஓர் அலுமாரி வாங்க விட்டாயா நீ? இப்போது பேக்கரியில் பிள்ளைகள் நனையாமல் ஆடுகிறார்கள். இசபெல் தத்தித் தத்தி அவர்களுக்கு நடுவே ஓடுகிறாள். அது பிழை என்று என் வாயால் சொல்லமாட்டேன்.

ஆனால் உன் படத்துக்குச் செய்ததைச் சொல்கிறேன், கேள். விழாவுக்கு முதல்நாள் மார்த்தா என்னைக் கூப்பிட்டாள். "இனி ஏன் கழற்றிப் பூட்டுவான்? சுவரோட சேர்த்து அடிச்சு விடுங்கோ. ரமோனுக்கு அதுதான் மரியாதை" என்றாள். நான் நட்டுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்தேன். ஆறு பலகைக்கும் ஆணி அடித்தேன். ஓம், நான்தான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கமலா என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். "ஆர் வந்து கேட்டாலும் உங்களுக்கு ஏலாது எண்டு சொல்லத் தெரியாது. அதுதானப்பா உங்கட வியாதி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விழாவில் உன்னைப் புகழ்ந்து ஆறு பேர் பேசினார்கள். இந்த இடம் உன் கனவாம். கைதட்டும்போது லூசியா எழுந்து படத்தருகே போனாள். பழக்கத்தில் பலகையின் ஓரமாக விரலை ஓட்டி நட்டைத் தேடினாள். ஒரு மூலை, அடுத்த மூலை. பிறகு ஆணித் தலை தட்டுப்பட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப நாங்கள் போகேல்லை, என்ன?" என்று கேட்டாள்.

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரமோன், கூட்டித் துடைக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள், அதனால் பேக்கரிப் பூட்டின் திறப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை, மார்த்தாவும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஆணிகளைப் பிடுங்கி, அடைத்த ஓட்டைகளைத் திறந்து, இருபத்துநாலு நட்டையும் திரும்பப் பூட்டப்போகிறேன். ஏலாது என்று ஒருமுறையாவது சொல்லிப் பார்க்கிறேன். சுவர் அவர்களுடையது, இருக்கட்டும். படம் லூசியாவுடையது. போவதா நிற்பதா என்பதை அவள் விரல் முடிவு செய்யட்டும்.

அதற்கு முதல் இன்னொரு வேலை இருக்கிறது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அம்மாவுக்கு ஒன்று எழுதுவேன். வீடு வாங்கிவிட்டேன் அம்மா, நான் அடுத்த வருசம் வரமாட்டேன் என்று. நிரந்தரம் என்ற சொல்லை இனி என் ஒருவனைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன், இது உனக்கு நான் தரும் சத்தியம்.

உன் மகளைக் குழாயடியில் ஏந்திய,
உன் கொம்பாத்ரே
செல்வா