அம்மா கட்டிக்கொடுத்த டப்பா

மார்ச் 4

கம்பெனி செக்கப் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் கொழுப்பு அதிகம். இதயக் குழாய்ச் சுவரில் இப்போதே படிய ஆரம்பித்திருக்கிறதாம். எனக்கு வயது முப்பத்தாறு. இன்றுகூட இரண்டு லிஃப்டுக்கு கேபிள் மாற்றினேன், மூச்சு வாங்கவில்லை.

"என்னிக்கோ ஒரு விருந்து சாப்பிட்டதால வந்ததில்ல," என்றார் டாக்டரம்மா. "தினமும் தட்டுல விழுறது வருஷக்கணக்கா சேருது." மாத்திரை எழுதினார். காய், பயறு, மீன் அதிகமாக வேண்டும். பொரித்தது, வெண்ணெய், உப்பு குறைய வேண்டும்.

வீட்டில் சமைப்பது அம்மா. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 5

அப்பா நாற்பத்திரண்டில் போனார். காலையில் ஏதோ சண்டை. சாப்பிடாமல் கிளம்பியவர் பஸ் நிறுத்தத்திலேயே சரிந்தார். மாரடைப்பு. பசியோடு அனுப்பியதால்தான் செத்தார் என்று அம்மா இருபத்தைந்து வருஷமாக நம்புகிறாள். என் தட்டில் கொஞ்சம் இடம் தெரிந்தால் போதும், அவள் கரண்டி நீண்டுவிடும்.

அவளிடம் போய், சாப்பாட்டை மாற்று என்று எப்படிச் சொல்வேன்? அப்பாவையும் நீதான் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

மார்ச் 9

"டப்பா காலியா? சமர்த்து," என்றாள் அம்மா, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து.

காலி செய்தவன் மொட்டை, என்னோடு வேலை பார்க்கும் மெக்கானிக். நான் பழமும் அவித்த பயறும் சாப்பிட்டேன்.

மார்ச் 15

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தப்ப வழியில்லை. பொரித்த இறைச்சி. போதும் என்றேன்.

"ஏன், நல்லா இல்லையா?"

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. இன்னும் இரண்டு துண்டு வாங்கித் தின்றேன். ஒவ்வொரு வாய்க்கும் பயம். எருமை மாதிரி வளர்ந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல.

மார்ச் 16

மாத்திரை அட்டையை சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். என் வீட்டிலேயே திருடன்.

மார்ச் 24

என்னைக் கூட்டிப்போக வந்த மொட்டை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "அம்மா, உங்க கைப்பக்குவமே தனி. ரெண்டு வாரமா நான்தானே ருசிச்சு சாப்பிடறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். மொட்டை நைசாக வண்டிப் பக்கம் நழுவினான்.

"என்னடா மறைக்கிற?"

சொன்னேன். எல்லாவற்றையும். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ உங்கப்பாவ நான்தான்—"

"இல்லம்மா. அவர் ஓயாம சிகரெட் பிடிச்சார். பிரஷர் மாத்திரையே போடல. இதனாலதான்னு இப்போ யாராலயும் சொல்ல முடியாது."

"பசியால இல்லையா?"

"ஒரு வேளை சாப்பிடலன்னா யாரும் சாகமாட்டாங்கம்மா."

இதை இத்தனை வருஷம் நான் ஏன் சொல்லவில்லை?

மார்ச் 27

மூன்று நாளாக அம்மா இப்படித்தான். கரண்டியை எடுப்பாள், எவ்வளவு போடுவது என்று தெரியாமல் நிற்பாள், கீழே வைத்துவிடுவாள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 2

"அந்த டாக்டர்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போ."

ஏப்ரல் 8

அம்மாவின் ரிப்போர்ட் வந்தது. என்னுடையதைவிட மோசம். எனக்கு வைத்தது போக மீந்ததையெல்லாம், கொட்ட மனசில்லாமல், இத்தனை வருஷமும் அவளே தின்றிருக்கிறாள். நான் கவனித்ததே இல்லை.

சாயங்காலம் காய் நறுக்க நான் உட்கார்ந்தேன்.

"இவ்ளோ பெருசா நறுக்காத," என்றாள்.

கத்தியைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நறுக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.