கசகசா போல உதிர்ந்தது

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நிறைமாதத்தில் பெரியவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

போனில் சொன்னால் பதறுவாய் என்று எழுதுகிறேன். மரக் கிடங்கில் கரையான். நமக்குத் தெரிந்த கரையான் மண்ணிலிருந்து ஏறும், சுவரில் மண்கோடு போடும், ஈரம் தேடித் திரும்ப மண்ணுக்கே போகும். இங்கே கோடு ஒன்றுகூட இல்லை. அதை நம்பி, சரக்கு சுத்தம் என்று கையெழுத்துப் போட்டேன். பலகைக்கடியில் கசகசா போல உதிர்ந்து கிடந்ததை, மரத்தூள் என்று தினமும் நானே பெருக்கித் தள்ளினேன்.

மருந்தடிப்பவர் ஒரு பலகையைப் பிளந்து காட்டிச் சிரித்தார்.

"அண்ணே, இருபது வருஷமா மர வியாபாரம்ங்கிறீங்க, கரையான் கழிவையா மரத்தூள்னு பெருக்குனீங்க? இது வேற இனம். மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம். காய்ஞ்ச மரத்துக்குள்ளயே பொறந்து, தின்னு, குடும்பம் நடத்தும்."

"வெளியவே வராதா?"

"றெக்கை முளைச்சாத்தான்."

நானும் சிரித்துவைத்தேன்.

இந்த நாட்டு அதிகாரிகள் கிடங்குக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கையெழுத்து என்னுடையது என்பதால், கரையான் ஒழிந்ததா என்று பார்க்கும் மூன்று சோதனை முடியும்வரை என் பாஸ்போர்ட் அதிகாரியின் மேசைக்குள் இருக்கும். பிரசவத்துக்கு வர முடியாது. அவளிடம் சரக்கு தாமதம் என்று மட்டும் சொல்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். அறை முழுக்க மருந்து வாடை.

பிள்ளை பிறந்து அழுதால் உடனே சமாதானப்படுத்திவிடாதே. எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வை, கொஞ்ச நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாரி கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரன்