மேலூருக்கு ஒரு ரயில்

டிச. 13

காலையில் நல்ல பனி. பரணிலிருந்து குடில் சாமான்களை இறக்கியாயிற்று. ஒரு ராஜாவுக்கு மூக்கு இல்லை. வைக்கோல் மக்கிவிட்டது. ரயில் மட்டும் பத்திரம். மகள் நான்சி எட்டாவது படிக்கும்போது வாங்கிய கரன்ட் ரயில். குடிலைச் சுற்றி அது ஓடாமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லை.

இந்த வருஷம் ஓடியே தீர வேண்டும். நான்சியின் மாமியார் பாண்டியம்மாள் மேலூரிலிருந்து வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வாசலை மிதித்ததில்லை. மகன் கிறிஸ்தவ வீட்டில் (அவர் பாஷையில் வேதக்கார வீட்டில்) பெண் எடுத்துவிட்ட வருத்தம். நான்சி போனில்: "அத்தை வாரேன்னுட்டாங்கம்மா. காப்பி குடிச்சிட்டு ஒடனே கெளம்பிருவாங்களாம். நீ பாட்டுக்கு எதையாச்சும் பேசி வைக்காத." நான் என்றைக்கு என்ன பேசினேன்?

டிச. 15

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலை. தண்டவாளம் முழுக்கக் கறுப்பு. பிள்ளைகளிடம் பிடுங்கி வைத்த அழி ரப்பரால் அழுத்தித் தேய்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. பாதி வைத்தியம் அதுதான்.

வட்டத்தின் அந்தக் கோடியில் ரயில் சோர்ந்துபோகிறது. கரன்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. அடாப்டரிலிருந்து தனியாக இரண்டு ஒயர் இழுத்து அங்கேயும் பற்றவைத்தேன். விரலில் சூடு. அ. ஓடிவந்து ஊதினார். (அ. = வீட்டுக்காரர் அந்தோணி. டைரியில் அவருக்கு ஓரெழுத்துப் போதும்.) "ஃபிசிக்ஸ் டீச்சர் கை இம்புட்டுத்தானா?" வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ராத்திரிச் சப்பாத்தியை அவரே போட்டார்.

டிச. 17

தண்டவாளம் மேடேறும் இடத்தில் சக்கரம் வழுக்குகிறது. இன்ஜினுக்கு எடை பத்தவில்லை. உள்ளே இரும்பு நட்டுகளை டேப் போட்டு ஒட்டினேன். இப்போது மேட்டில் ஜம்மென்று ஏறுகிறது. பெட்டிகளின் பிளாஸ்டிக் மினுமினுப்பு சகிக்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நீல பெயிண்ட். நிஜப் பாசஞ்சர் வண்டியின் அழுக்கு நீலம் அப்படியே வந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம்.

பக்கத்து வீட்டு ராணி: "இயேசு பொறந்த ஊருல ஏது டீச்சர் ரயிலு?"

"மூணு ராஜாவும் எதுல வந்தாங்கன்னு நீ பாத்தியாடி?"

யோசனை: இரண்டு ஸ்டேஷன். அட்டையில் மஞ்சள் பலகை. ஒன்றில் விளாங்குடி, எங்கள் ஊர். இன்னொன்றில் மேலூர். நிஜத்தில் மேலூருக்கு ரயில் கிடையாது. இங்கேயாவது போகட்டும்.

வாங்க: மரத்தூள், பச்சைச் சாயம், வெல்லம், அ.வுக்குப் பனியன்.

டிச. 20

இன்ஜின் கிறீச் கிறீச். காது கூசுகிறது. தையல் மிஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கோரிப்பாளையம் பக்கம் போனால் வாங்க வேண்டும். அ.விடம் அரைமணி நேரம் புலம்பினேன். பாவம், கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார்.

டிச. 22

கிறீச் தானாகவே நின்றுவிட்டது. வந்தது வேறு வியாதி. விடிகாலையில் உறுமுகிறது, நகர மாட்டேன் என்கிறது. மத்தியானம் சமர்த்தாக ஓடுகிறது. ஒயரைச் சோதித்தேன். மறுபடி ரப்பர். ஒரு நட்டைக் குறைத்தேன். ம்ஹூம்.

அழுகை வந்துவிட்டது. ரயிலுக்காகவா? அந்தம்மா காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டால் நான்சி கடைசிவரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் தனியாக அலைய வேண்டும். அ. பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் எழுந்து போனார்.

டிச. 24

அதிரசம் சுட்டாயிற்று. குடில் பிரமாதம். மத்தியானம் மூன்று சுற்று நிற்காமல் ஓடியது. அவர்கள் வருவதோ காலை முதல் பஸ்ஸில். கடவுளே.

டிச. 25

ராத்திரிப் பூசை முடிந்து வந்து படுத்ததுதான் தெரியும். விடியும்போதே வந்துவிட்டார்கள். பாண்டியம்மாள், மாப்பிள்ளை கார்த்தி, நான்சி. கடுங்குளிர். பாண்டியம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி. குடிலைப் பார்த்தார்.

"எங்கூருக்கு ஏது மதினி ரயிலு?"

"உங்களுக்காகத்தான் விட்டிருக்கேன்."

சுவிட்சைப் போட்டேன். ஓர் உறுமல். விளாங்குடியை விட்டு நகர்ந்தது, மேலூருக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றுவிட்டது. எனக்கு உயிரே போயிற்று.

அ. தலையைச் சொறிந்தார். "கிறீச்சுன்னு கத்துதேன்னு நான்தான் ரெண்டு சொட்டு தேங்கெண்ணெய் விட்டேன். நீ அழுதியா, சொல்லப் பயமாப் போச்சு."

நான்சி உள்ளே ஓடி எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள். வெள்ளையாக உறைந்து கிடந்தது. மார்கழி! என் புத்தியைச் செருப்பால் அடிக்க. தினமும் அந்தப் பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறேன்.

பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தார். "எங்க வீட்டு மனுசனும் இப்புடித்தான் மதினி! கதவு, கத்திரிக்கோலு, சைக்கிளு, எல்லாத்துக்கும் தேங்கெண்ணெய்தான். அண்ணே, அத மாடி வெயில்ல வைங்க. எளகட்டும்."

கார்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். "யம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ரயிலு நம்மூரு போய்ச் சேராம நான் எப்புடிடா போறது?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். தேங்காய் துருவினார். இன்ஜின் மொட்டைமாடியில், எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில்.

வெயில் ஏறியதும் ரயில் மேலூர் போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தடவ விடுங்க மதினி." விட்டேன். மறுபடியும் விட்டேன்.

சாயங்காலம். இன்னும் போகவில்லை. ஹாலில் நான்சி மடியில் தலை வைத்துப் பாண்டியம்மாள் தூங்குகிறார். ராத்திரிக்கு எல்லாருக்கும் மாவு காணுமா, பார்க்க வேண்டும்.