தாய்மாமனின் மூக்கு

மாசி 15, வியாழன்

காலையில் பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. காற்றில் புழுதி.

நாகர்கோவில் மூக்கு டாக்டர் சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். "போலன் அலர்ஜிதான் சார், பூவில உள்ள தூள். எங்க நின்னீங்க, பக்கத்துல என்ன இருந்துச்சு, எத்தனை தும்மல், எல்லாம் எழுதிட்டு வாங்க. எந்தப் பூன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்." இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியார். இப்போது எனக்கே வீட்டுப்பாடம்.

து. = தும்மல்.
காலை 6.10, படுக்கையறை ஜன்னல்: து. 9.
7.40, பைக், மாமரத்தடி: 3.
பள்ளிக்கூடம், ஸ்டாஃப் ரூம்: 0.
மாலை, வீட்டு வாசல்: 6.

மருந்து: இரவில் மாத்திரை ஒன்று. மூக்கில் ஸ்பிரே காலையும் மாலையும். மாத்திரை போட்டால் மறுநாள் இரண்டாம் பீரியடு வரை தலை சாக்கு மூட்டை.

அக்கா போன். மகள் உமாவுக்கு நிச்சயம் 25 ஞாயிறு, பத்தரை மணி. மாப்பிள்ளை வீடு மார்த்தாண்டம் பக்கம். எல்லாம் சொல்லிவிட்டு வைக்கும்முன் ஒரு கேள்வி:

"மாத்திரை ஒழுங்கா போடுகியா மக்கா?"

அவ்வளவுதான். போன வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாசி 17, சனி

து. காலை 11. மதியம் 2. அதன் பிறகு எண்ணவில்லை, சலித்துவிட்டது.

தலையணை உறை, போர்வை எல்லாம் வெந்நீரில். ஜன்னல் அடைப்பு. வெளியே போய்வந்தால் குளித்த பிறகுதான் கட்டில். சுகந்தியின் உத்தரவுகள். "கல்யாணம் கழிச்சு இருவது வருசத்துல ஒங்க மூக்குக்கு செய்த வேல எனக்கே நான் செய்யல்ல."

போன வருஷத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். இதே மாசி. உமாவுக்கு வந்த முதல் இடம். மாப்பிள்ளையின் அப்பா, "எங்களுக்குச் சம்மதம்" என்று வாயைத் திறக்கிறார். நான் தும்மினேன். ஒன்றே ஒன்று. ஒற்றைத் தும்மல்தான் ஆகாது என்பார்கள், இரண்டென்றால் குற்றமில்லை. இரண்டாவது வரும் என்று மொத்த வீடும் என் மூக்கைப் பார்த்தது. வரவில்லை. அவர்கள் காப்பி குடித்தார்கள், "வீட்டில பேசிட்டு சொல்லுகோம்" என்று எழுந்தார்கள். போன் வரவே இல்லை.

அவர்களுக்கு வேறு காரணம் இருந்திருக்கும். நான் தினமும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சின்ன வயதில் நான் தும்மினால் அக்கா தலையில் தட்டி "நூறு" என்பாள், நூறு வயசு இருக்கட்டும் என்று. அடுத்ததற்கு "எறநூறு". என்னைவிட ஏழு வயது மூத்தவள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தானைப் பார்த்தாள். அதை மறக்க முடியவில்லை.

மாசி 18, ஞாயிறு

மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் கொடியேற்று. மைக் சத்தம் காற்றோடு வருகிறது.

தேங்காய் வெட்டு. மரத்தில் ராஜையன், கீழே காய் பொறுக்க நான். து. 17!! மூச்சு முட்டி, கண் சிவந்து, வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டம்.

ராஜையன் மேலே இருந்து: "சாருக்க தலையில பூவாக்கும் கொட்டுகு! தள்ளி நில்லுங்கோ!"

தலையைத் தடவினேன். உள்ளங்கை நிறைய தென்னம்பூ. நெல்மணி மாதிரி, வெளிர் மஞ்சள்.

உள்ளே வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே என்ன? தென்னை. வாசலில்? தென்னை. ஸ்டாஃப் ரூம் பக்கம் தென்னையே கிடையாது. மாம்பூவைத்தான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

பிறகுதான் உறைத்தது. போன வருஷம் அக்கா வீட்டில், என் முழங்காலுக்கு முன்னால், குத்துவிளக்குப் பக்கத்தில் நிறைநாழி. நாழி நிறைய நெல். அதன் நடுவில் விரிந்த தென்னம்பூக்குலை.

நல்ல காரியத்துக்கென்று வைத்ததுதான் என் மூக்கில் ஏறியிருக்கிறது. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மாசி 20, செவ்வாய்

பிளஸ் டூ பரீட்சை ட்யூட்டி. ஹாலில் து. 1, வாயைப் பொத்தி. முன் பெஞ்சுப் பெண் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மாலை அக்கா வந்தாள், மண்டைக்காட்டில் இருந்து நேரே. கையில் தூக்குப்பாத்திரம். எனக்காக மண்டையப்பம் நேர்ந்து வைத்தாளாம்.

"அது தலைவலிக்கு உள்ள நேர்ச்சையாக்கும் அக்கா."

"மூக்கு மண்டையில இல்லாம பின்ன கால்லயா இருக்கு? தின்னு."

தின்றேன். இனிப்பு. தைரியம் வந்தது. சொன்னேன்: "நிறைநாழியில பூக்குலை வைக்காண்டாம். அதுதான் எனக்கு ஒத்துக்கல்ல."

அக்கா முகம் மாறிவிட்டது. "பூக்குலை இல்லாம நிறைநாழியா? வாறவ்வோ என்ன நெனப்பாவோ? எடுத்த எடுப்புலயே கொறையா?"

தூக்குப்பாத்திரத்தை மூடினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே: "நீ வேணும்னா கொஞ்சம் தள்ளி நில்லு மக்கா. தட்ட அத்தானுக்க தம்பி வாங்கட்டும்."

மாப்பிள்ளை வீட்டுத் தட்டை வாங்குவது தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவளுக்கு ஒரே பெண்.

"சரி அக்கா" என்றேன்.

அவள் போனதும் அடுக்களையில் பாத்திரங்கள் விழும் சத்தம். சுகந்தி: "பூவுக்கு வேண்டி தம்பிய தள்ளி நிக்கச் சொல்லுகா. நீங்களும் மண்டைய ஆட்டுகியோ!"

மாசி 22, வியாழன்

து. 5, 4, 4. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பேப்பர் திருத்தும்போது ஒரே விடைக்கு இரண்டு தடவை மார்க் போட்டேன்.

வாங்க: ஸ்பிரே ஒன்று. கைக்குட்டை ஆறு. உமாவுக்குப் பட்டு (சுகந்தி எடுப்பாள்). வேட்டி தேய்க்க.

உமா திருவனந்தபுரத்தில் ஆபீஸில் இருந்து போன். யார் சொன்னார்களோ. "மாமா, நீங்க முன்ன நிக்கல்லன்னா நான் அறையில இருந்து வரவே மாட்டேன். பாத்துக்கோங்க."

"போடி. அம்மைக்கிட்ட வம்புக்கு நிக்காத."

திட்டினேன். ஆனால் அதன் பிறகு வயிறு நிறைய சாப்பிட்டேன்.

மாசி 24, சனி

அக்கா வீட்டில் பந்தல் வேலை. நாற்காலி இறக்கினேன். மாஸ்க் போட்டுக்கொண்டு. பந்தல்காரர், "சாருக்கு சொகமில்லியா?" அக்கா உள்ளேயும் வெளியேயும் நூறு நடை. என்னிடம் பேசியது இரண்டு தடவை: "காப்பி குடிச்சியா?" "வெயில்ல நிக்காத."

நாளைக்கு யார் நிற்பது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தும்மல் வந்தால் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே அழுத்த வேண்டும் என்றார் டாக்டர். பழகிப் பார்த்தேன். பத்தில் ஆறு நிற்கிறது. நாலு நிற்கவில்லை.

மாசி 25, ஞாயிறு, மாலை

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஐந்து மணிக்குக் குளியல். ஸ்பிரே. மாத்திரை போடவில்லை, தூங்கி வழிந்தால் அதுவும் ஒரு சகுனம் ஆகிவிடும். பத்து மணிக்கு அங்கே. பின் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா வந்தாள். பட்டுப்புடவை, வியர்வை. "இங்க என்னத்துக்கு இருக்க? முன்ன வா."

விளக்குப் பக்கம் பார்த்தேன். நிறைநாழியில் நெல். நடுவில் பாளை. விரியாத பாளை! மூடிய உறையோடு அப்படியே குத்தி நிறுத்தி, சுற்றிலும் சந்தனப் பொட்டு. உள்ளே பூக்குலை இருக்கிறது, வெளியே ஒரு தூள் கிடையாது. எத்தனை நாள் யோசித்தாளோ.

மாப்பிள்ளையின் அம்மா கவனித்துவிட்டாள். "பூ விரியல்லியே?"

"கல்யாணத்தன்னைக்கு விரியும்" என்றாள் அக்கா, கண்ணை இமைக்காமல். அந்த அம்மாளுக்கு அது பிடித்துவிட்டது.

உமா வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு. எல்லாம் சரியாகப் போயிற்று. தட்டு மாற்ற எழுந்தோம்.

அவர்கள் தட்டைத் தூக்கினார்கள். வெற்றிலை, பழம், மஞ்சள், புடவை. எல்லாவற்றுக்கும் மேலே, தட்டுக்கு வெளியே தொங்கத் தொங்க, விரிந்த கமுகம்பூ, பாக்குமரத்துப் பூக்குலை. அவர்கள் பக்கத்து வழக்கம். அது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அக்கா பார்த்தாள். நான் பார்த்தேன். கையை நீட்டாமல் இருக்க முடியுமா? நீட்டினேன். தட்டு என் கைக்கு வந்தது. இரண்டு கையிலும் தட்டு, மேலுதட்டை அழுத்த மூன்றாவது கை இல்லை.

தும்மிவிட்டேன். ஒன்று. கமுகம்பூ பொரி மாதிரி பந்தலில் சிதறியது. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"நூறு!"

அக்கா. அத்தனை பேர் நடுவில், சத்தமாக, எட்டி என் தலையில் ஒரு தட்டு.

அடுத்தது வந்தது.

"எறநூறு!" இந்தத் தடவை உமாவும் சேர்ந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா முதலில் சிரித்தார். "எரட்டையாக்கும், கொழப்பமில்ல" என்றார். பந்தலே சிரித்தது. தட்டு என் கையில்தான் இருந்தது. அக்கா கையில் கொடுத்தேன். வாங்கும்போது, "போய் மூஞ்சிய கழுவு மக்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஆவணியில் கல்யாணம். பங்குனி கழியட்டும், ரெண்டு மழை பெய்யட்டும் என்று அக்காதான் பிடிவாதமாகச் சொன்னாளாம். சுகந்தி சொல்லித்தான் தெரியும்.

டாக்டருக்கு: காலை 10.50. பந்தல். கமுகம்பூ. து. 2. கண்ணில் நீர், அரை மணி நேரம். அதற்கும் கமுகம்பூ என்றே எழுதிவிடுகிறேன்.