கோட்டைச் சுவரோரக் கிண்ணங்கள்

காலையிலிருந்து நம் வீதியைக் கிண்டுகிறார்கள். ஜன்னலுக்குக் கீழே செம்மஞ்சள் கூம்புகள். இயந்திரம் இறங்கும்போதெல்லாம் மேசையில் வைத்த கிளாஸில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்குகிறது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மதியம் மகள் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யிலிருந்து வருகிறாள். அதற்குள் உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும்.

பிரெஞ்சு படிக்கவென்று நூலகத்தின் சிறுவர் பகுதியிலிருந்து நீங்கள் எடுத்துவந்தவை எல்லாம் கோட்டை முற்றுகைப் புத்தகங்கள். பகலெல்லாம் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் போரைத் தொடங்குவீர்கள். மதிலுக்கு மேலால் தேன்கூடுகளை எறிந்த கதையை நீங்கள் சொல்ல, "தேனீயளை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ, சோறு ஆறுது" என்பேன்.

ஒருநாள் என் ஆறு கண்ணாடிக் கிண்ணங்களிலும் தண்ணீர் ஊற்றிச் சமையலறைச் சுவரோரம் அடுக்கினீர்கள். "வெளியிலை நிக்கிறவன் மதிலுக்குக் கீழாலை சுரங்கம் தோண்டுவான். உள்ளுக்கு இருக்கிறவன் இப்பிடித் தண்ணி வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பான். எந்தக் கிண்ணம் ஆடுதோ, அங்கைதான் கிண்டுறான்!"

"அதுக்கு என்ரை நல்ல கிண்ணங்கள்தான் கிடைச்சுதோ?"

உங்களுக்கு மிகவும் பிடித்தது பன்றிக் கதை. பட்டினியில் கிடந்த ஊர், கடைசிப் பன்றிக்குக் கடைசிக் கோதுமையை ஊட்டி மதிலின் மேலிருந்து கீழே தள்ளிவிட்டதாம். வயிறு வெடித்துத் தானியம் சிதறியதைக் கண்ட எதிரி, உள்ளே இவ்வளவு மிச்சமா என்று மலைத்துப் படையோடு திரும்பிப் போனானாம்.

"அது ஏமாத்து. மடத்துச் சிஸ்டர்மார் எங்களுக்கு அப்பிடிப் படிப்பிக்கேல்லை" என்றேன்.

"உம்மடை சிஸ்டர்மார் பசியோடை கோட்டை காத்தவையோ?"

நீங்கள் கண்மூடுவதற்கு முந்திய வருடத்தில் உங்கள் தேநீர் சோசரில் சிந்தத் தொடங்கியது. கன்னியர் மடத்தில் வளர்ந்த எனக்கு அது பொறுக்கவில்லை. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில், பங்குச் சனம் அவ்வளவும் இருக்க, சத்தமாகவே சொன்னேன்: "சின்னப்பிள்ளை மாதிரிச் சிந்தாதேங்கோ. கப்பை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதோ?" பக்கத்திலிருந்தவரிடம், "மனிசி கண்டிப்பு, கண்டியளோ" என்று சிரித்தீர்கள். கப்பை மெதுவாக வைத்தீர்கள். அதன்பின் யார் வீட்டிலும் நீங்கள் தேநீர் குடிக்கவில்லை. வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்றீர்கள். நம்பினேன். நத்தார்ப் பண்டிகைக்கு ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்து, ஆட்டிறைச்சியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டீர்கள். அதையும் நம்பினேன்.

நீங்கள் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் உங்கள் கோட்டுப் பையில் மகள் டொக்டரின் கடிதத்தைக் கண்டெடுத்தாள். நரம்பு நோய். எட்டு மாதமாக உங்களுக்குத் தெரிந்திருந்தது. "ஏனம்மா, அப்பா எனக்கும் சொல்லேல்லை?" என்று தாழ்வாரத்தில் நின்று கேட்டாள். தண்ணீர் என் கண்முன்னே ஆடியிருக்கிறது. நான் சோசரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சற்று முன் இயந்திரம் நின்றது. மேசையில் தண்ணீர் அடங்கிவிட்டது. கிளாஸைக் கையில் எடுத்தேன். மறுபடி ஆடியது.

எனக்கு இது புதிதல்ல. மூன்று கிழமையாக, மகள் வரும்போதெல்லாம் "நீ ஊத்து பிள்ளை, நீ ஊத்தினால்தான் ருசி" என்று சொல்லிக் கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொள்கிறேன். அவள் பூரித்துப்போகிறாள். இன்றைக்கும் அவள் ஒன்றும் கேட்க வாய் திறக்க முடியாதபடி ஐந்து கறி வைப்பதாக இருந்தேன். உங்களைப் போலவே.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

"பிள்ளை, என்ரை கை நடுங்குது. மூண்டு கிழமையா."

அவள் மெட்ரோவில் இருந்தாள்.

"வாறன்தானே அம்மா. நேரிலை சொல்லியிருக்கலாமே?"

"நேரிலை எண்டால் மறைச்சுப்போடுவன்."

"சரி, வாறன். ஒண்டும் சமைக்காதேங்கோ. நாளைக்கு டொக்டரிட்டைப் போறம், சாட்டுச் சொல்லக் கூடாது."

"ஓம்" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக அது வந்ததில்லை, உங்களுக்குத் தெரியும்.

மண்டபத்தில் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். குருவானவர் மன்னிப்பும் கொடுத்தார். அவர் கையிலா கப் நடுங்கியது? உங்களிடம் கேட்க வேண்டியதை அவரிடம் பெற்றுக்கொண்டு ஆறுதலடைய எனக்கு மனம் வரவில்லை. அது என்னோடுதான் இருக்கிறது, இருக்கட்டும்.

கீழே மணி அடிக்கிறது. கதவைத் திறக்கப் போகிறேன்.