நாத்தனார் வேஷம்

நெய்வேலி,
25-11-1963.

மதிப்பிற்குரிய கனகம் அக்கா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஆதிலட்சுமி, பதினோராம் வகுப்பு படிக்கிறேன். என் அப்பா சக்கரபாணி மைன்ஸில் பெல்ட் பிரிவில் வேலை பார்க்கிறார். ஷிப்ட் முடிந்ததும் எங்கள் குடியிருப்புப் பிளாக் நாடக மன்றத்தில் மணியக்காரர் வேஷம் கட்டுவார். பொங்கலுக்கு முன்னால் சனிக்கிழமை 'பட்டா நிலம்' நாடகம். அதில் கதாநாயகி செங்கமலமாக நடிக்க நெல்லிக்குப்பத்திலிருந்து நீங்கள் வருவதாகப் பழனிவேல் சார் சொன்னார். அவர்தான் நாடகத்தை எழுதியவர், மன்றத்துச் செயலாளரும் அவரே.

நாடகத்துக்கு முந்தின நாள்தான் ஒத்திகைக்கு வருவீர்களாம். அதுவரை உங்கள் இடத்தில் நின்று வசனம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். அந்த ஆள் நான். வசனத்தையும், எந்த வரியில் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதையும் எழுதி அனுப்புவதும் என் பொறுப்பு. "ஒத்திகைக்கு நில்லு. மேடை மட்டும் ஏறக் கூடாது" என்று அப்பா உத்தரவு.

போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் கண்மையால் மீசை வரைந்துகொண்டு ராஜாவாக நடித்தேன். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் மீசை வைத்தால் பெருமை, மன்றத்தில் பொட்டு வைத்தால் மானக்கேடு. இது என்ன நியாயமோ!

முதல் இரண்டு காட்சிகள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
ச. ஆதிலட்சுமி

---

நெல்லிக்குப்பம்,
29-11-1963.

அன்புள்ள ஆதிலட்சுமிக்கு,

கனகம் எழுதுவது. கவர் கிடைத்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. இதற்கு முன் ஒரு மன்றத்தில் வசனம் அனுப்பினார்கள். அதைப் படிக்க மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

மாதத்தில் நாலு ஊர், நாலு நாடகம் என்று ஓடுகிறவள் நான். நீ எழுதுவதைப் பார்த்துத்தான் இங்கே சமையலறையில் நடந்து பழகுவேன். ஆகையால் ஓரடி என்றால் ஓரடி என்றே எழுது. குத்துமதிப்பு வேண்டாம். என் கணவராக வருகிறவர் எவ்வளவு உயரம்? நாத்தனார் யார்?

நியாயம் கேட்டிருக்கிறாய். அதை என்னிடம் கேட்டு என்ன செய்ய? உன் அப்பாவிடம் கேள்.

அன்புடன்,
கனகம்

---

நெய்வேலி,
9-12-1963.

அன்புள்ள கனகம் அக்காவுக்கு,

உங்கள் கணவர் குஞ்சிதபாதம் அண்ணன், ஐந்தே முக்கால் அடி. ஆனால் இந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிப்ட். அதனால் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பாவாடை அண்ணன் அவர் வசனத்தைப் படிக்கிறார். பெண் வேஷம் கட்டி உங்களுக்கு நாத்தனாராக வருகிறவரும் பாவாடை அண்ணன்தான். மூன்றாம் காட்சியில் கணவரும் அவரே, கணவரின் தங்கையும் அவரே என்றானதில் ஒத்திகை பாதியில் நின்றுவிட்டது. சிரித்துச் சிரித்து அப்பாவுக்கு விக்கல் எடுத்தது.

மூன்றாம் காட்சி: நான் கிணற்றடியில் குடத்தை இறக்கி வைக்கிறேன். கம்மாபுரத்து நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள் என்று நாத்தனார் சொல்கிறாள். நான் இரண்டடி பின்னால் போய் அவள் தோளில் சாய்ந்து அழுகிறேன். கடைசிக் காட்சி: கணவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு விடுகிறார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொள்கிறேன். திரை.

நேற்று அழும் இடத்தில் எனக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. பழனிவேல் சார் "இது போதும்" என்றார்.

அன்புள்ள தங்கை,
ஆதிலட்சுமி

---

நெல்லிக்குப்பம்,
13-12-1963.

அன்புள்ள ஆதிலட்சுமிக்கு,

நான் குடத்தை இறக்குகிறேன், நான் சாய்கிறேன், நான் அழுகிறேன். கடிதம் முழுக்க நீதான் நடித்திருக்கிறாய். எனக்கு ஓரமாக நிற்கக்கூட இடமில்லை.

மனசில் இருப்பது புரிகிறது. ஆசைப்படு, அதற்கு யாரும் வரி போடவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். உனக்கு இது ஆசை, எனக்குப் பிழைப்பு. பதினேழு வயதிலிருந்து இதில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாடகம் எழுதுகிறவர்கள் கடைசி நேரத்தில்தான் கையை வைப்பார்கள். கடைசிக் காட்சியில் ஏதாவது மாற்றினால் அன்றைக்கே எழுதிப் போடு.

கனகம்

---

நெய்வேலி,
2-1-1964.

அக்காவுக்கு,

கடைசிக் காட்சியில் மாற்றம் எதுவும் இல்லை. முன்பு எழுதியபடியே. பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒத்திகை. பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருப்பதால் சுருக்கமாக முடிக்கிறேன்.

ஆதிலட்சுமி

---

நெய்வேலி,
13-1-1964.

கனகம் அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. பொங்கல் நாளையோ நாளை மறுநாளோ, எதுவும் மனசில் நிற்கவில்லை.

உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதியே பழனிவேல் சார் கடைசிக் காட்சியை மாற்றிவிட்டார். செங்கமலம் உட்கார்ந்து அழ மாட்டாள். நின்றுகொண்டு, பத்திரத்தைக் கொண்டுவந்த குமாஸ்தாவைப் பார்த்து, "இந்த நெலத்துல நாத்து நட்டது நானு. கையெழுத்து மட்டும் அவரா?" என்று கேட்பாள். அன்றைக்கே எழுதி அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் எழுதவில்லை. நீங்கள் தெரியாமல் வந்து நின்றால், எல்லாம் தெரிந்த என்னை மேடையேற்றுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் காலடியில் உட்கார்ந்ததும் பழனிவேல் சார் கத்தினாரே, "படிக்காமயே வந்துட்டீங்களா?" என்று. நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். என் கடிதங்கள் உங்கள் பையில் இருந்ததை நான் பார்த்தேன். எடுத்துக் காட்டிவிடுவீர்கள் என்றே நினைத்தேன். "தப்பு என்னுதுதாங்க, காகிதத்தக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டீர்கள். "ஆதிலட்சுமிக்கு மனப்பாடம், அவளையே போடலாமா?" என்று குஞ்சிதபாதம் அண்ணன் கேட்டதற்கு அப்பா, "எம் பொண்ணு மேடை ஏறாது" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நான் செய்த அயோக்கியத்தனத்துக்குப் பலனும் இல்லை.

மறுநாள் மேடையில் அந்த வரியை நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள். ஒத்திகைதோறும் நான் கத்திச் சொன்ன வரி அது. கொட்டகையில் ஓர் இருமல்கூட இல்லை. எனக்கு முதலில் வயிறு எரிந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மன்னியுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆதிலட்சுமி

---

நெல்லிக்குப்பம்,
17-1-1964.

ஆதிலட்சுமிக்கு,

உன் கடிதங்களை நான் காட்டாததற்கு உன்மேல் இரக்கம் காரணம் என்று நினைத்துக்கொள்ளாதே. அங்கே பத்து ஆண்கள் இருந்தார்கள். காட்டியிருந்தால் "ரெண்டு பொம்பள சேர்ந்தா இதான்" என்று ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பல ஊரில் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆனால் நான் கோபமாக இருக்கிறேன். நன்றாகவே கோபமாக இருக்கிறேன். கனகம் வசனம் படிக்காமல் வந்தாள் என்ற பேச்சு பண்ருட்டி, விழுப்புரம் என்று போய்க்கொண்டே இருக்கும். என்னை அடுத்த நாடகத்துக்குக் கூப்பிடுவதும் விடுவதும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. என்னிடம் ஒப்புக்கொண்டு ஆவதென்ன? யார் எதிரில் என் பேர் கெட்டதோ அவர்கள் எதிரில் சொல்.

இன்னொன்று. இருபத்தாறாம் தேதி மந்தாரக்குப்பத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்காக அதே நாடகத்தை மறுபடி போடுகிறார்களாம். பழனிவேல் எழுதிக் கேட்டார். வருகிறேன், ஆனால் நாத்தனாருக்கு ஒரு பெண்ணைப் போடுங்கள் என்று பதில் எழுதிவிட்டேன். பாவாடை தங்கமான மனிதர். அதற்காக, சவரம் பண்ணிய தாடை நெற்றியில் குத்த, பீடி நாற்றத்தைச் சகித்துக்கொண்டு இன்னொரு தடவை என்னால் அழ முடியாது. யாரைப் போடலாம் என்று கேட்பார். நான் உன் பேரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வேண்டுமானால் நீயே போய்ச் சொல். நாலு வரிதான். செங்கமலம் வேஷம் என்னுடையது.

மன்னிப்பு விஷயம் மேடையைவிட்டு இறங்கிய பிறகு பேசலாம்.

கனகம்

---

நெய்வேலி,
21-1-1964.

அன்புள்ள கனகம் அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக் கூட்டம். எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய், கடைசிக் காட்சியை அனுப்பாதது நான், கனகம் அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். ஜனவரி இரண்டாம் தேதி நான் எழுதிய பொய்யை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பழனிவேல் சார் முகம் செத்துவிட்டது. "அந்தம்மாள அத்தினி பேர் எதிர்ல கத்திட்டேனே" என்றார். உங்களுக்குத் தனியாக எழுதுவார். பண்ருட்டிக்காரர்களுக்கும் எழுதுவதாகச் சொன்னார். எழுதுகிறாரா என்று பார்த்துத் தபாலில் நானே சேர்க்கிறேன்.

போன மூச்சு திரும்புவதற்குள், நாத்தனாராக நான் நடிக்கிறேன் என்றும் சொன்னேன். குஞ்சிதபாதம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பண்ணதயும் பண்ணிட்டு வேஷம் வேற கேக்குதா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். இருந்தும் நான் நகரவில்லை. முடியாது என்று வாயால் சொல்லட்டும், அதுவரை நிற்பது என்று நின்றேன்.

அப்பா எழுந்து வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. தீர்ந்தது என்று நினைத்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றார்.

"அந்தப் பொய்ய நீதான் எழுதினியா?"

"ஆமாம்பா."

"யாரும் சொல்லிக் குடுக்கல?"

"இல்லப்பா."

அப்புறம் பழனிவேல் சாரைப் பார்த்து, "தப்ப இத்தினி ஆம்பளைங்க எதிர்ல நின்னுகினு சொல்லிச்சு. அத வுடவா நாலு வரி கஷ்டம்? பேரப் போடுங்க" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நாத்தனாரோட சரி. மேல ஒரு வரி கேட்டன்னா வூட்டுக்கு இட்டுகினு பூடுவேன்" என்றார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. கம்மாபுரத்துப் பெரியப்பா வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். பாவாடை அண்ணனுக்குத்தான் கொண்டாட்டம். மீசையை எடுத்தவர் மறுபடி வளர்க்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா, ஒரு விஷயம். உங்கள் இடத்தில் நின்ற அத்தனை ஒத்திகையிலும் எனக்குப் பயமே வந்ததில்லை. நேற்று நாத்தனாராக நின்றேன், நாலே வரி, கை கால் எல்லாம் நடுங்கிவிட்டது. இரண்டாவது வரியை விழுங்கிவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். இன்றைக்கும் போகிறேன். நாளைக்கும் போவேன். ஆனால் இந்த நடுக்கம் எப்போது நிற்கும்?

தங்கை,
ஆதிலட்சுமி

---

(அஞ்சலட்டை)

நெல்லிக்குப்பம்,
23-1-1964.

ஆதிலட்சுமிக்கு,

எனக்குப் பதினோரு வருஷமாக நிற்கவில்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். மத்தியானம் நாம் இரண்டு பேரும் மூன்றாம் காட்சியைத் தனியாகப் பார்த்துவிடலாம்.

அக்கா,
கனகம்